சூப்பிரண்டுக்குப் பின்னால் ஐ/சி

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. டீக்கடை பெஞ்சில் கிளம்பி, லிஃப்ட் ஏறி மூன்றாவது மாடி வரை போய், பிணவறை வாசலையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய பேச்சு.

"அந்த ஐசிக்குப் பதவிப் பைத்தியம் புடிச்சிருச்சாம்ப்பா. தன்னைத்தானே சூப்பிரண்டா ஆக்கிக்கிட்டு முழுக் கையெழுத்து போட்டுட்டானாம். அந்த மெதப்புல மெஷினைக் கவனிக்காம விட்டான். சொந்த மச்சினன் வெந்து போனான்."

இதைச் சொல்கிறவர்கள் கடைசியில் ஒரு 'ச்சூ' கொட்டுவார்கள். கொட்டிவிட்டு இன்னொரு டீ சொல்வார்கள்.

நானும் கொட்டியிருக்கிறேன், பொய் சொல்வானேன். நான் துணி வண்டி தள்ளுகிறவன். நாளைக்குப் பதினாறு வார்டு. பதினாறிலும் ஆளுக்கு இரண்டு காது. இந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நடந்தது அது இல்லை. நடந்ததை அந்த அறையின் கதவோரம் நின்று பார்த்தவன் நான். அதைச் சொல்கிறேன்.

முதலில் ஐ/சி. இரண்டே எழுத்து, நடுவில் குறுக்காக ஒரு கோடு. இன்சார்ஜ் என்பதன் சுருக்கம். ஒரு பதவி காலியாகி, அதற்கு ஆள் போடாமல், பக்கத்தில் இருக்கிறவரைப் பிடித்து 'நீ பாத்துக்கோ' என்று சொன்னால், அந்தப் பதவிக்குப் பின்னால் இந்த வால் ஒட்டிக்கொள்ளும். வேலை உன்னுடையது, நாற்காலி உன்னுடையது இல்லை என்று அர்த்தம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வந்தால் ஆள் இரண்டு அங்குலம் உயர்வார். பின்னால் ஐ/சி வந்தால் அதே இரண்டு அங்குலம் குறைவார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த வால் இல்லாதவர்களை எண்ண ஒரு கை போதும். ஸ்டோர் கீப்பர் ஐ/சி, கேன்டீன் மேனேஜர் ஐ/சி, ஆம்புலன்ஸ் சூப்பர்வைசர் ஐ/சி. ஐ/சி லீவில் போனால் அவர் இடத்தில் உட்காருகிறவர் ஐ/சி-க்கு ஐ/சி. ஒருமுறை தோட்டவேலை ஐ/சி செத்துப்போய், இரங்கல் போர்டில் பெயருக்குப் பின்னால் அதையும் எழுதிவிட்டார்கள். அவர் சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, "செத்ததையாச்சும் முழுசா செத்தாருன்னு எழுதுங்கய்யா" என்றது. நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாவும் கொஞ்சம் சிரித்தது.

இத்தனை ஐ/சிக்களில் அந்தப் பெயரே பட்டப்பெயராக நின்றது ஒருத்தருக்குத்தான். கிருமி நீக்கும் அறையில் இருந்தவர். ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, துணி எல்லாம் அங்கே ஆவியில் வெந்துதான் மேலே போகும். அந்த அறையின் சூப்பிரண்டு ஓய்வுபெற்றுப் போனபோது, இரண்டு பேர் 'அந்த நாற்காலி எனக்குத்தான்' என்று கேஸ் போட்டார்கள். ஒருத்தர் ரிடையர் ஆனார். இன்னொருத்தர் மாரடைப்பில் போனார். கேஸ் மட்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஒன்பது வருஷமும் நம் ஆள்தான் இன்சார்ஜ்.

ஒல்லி ஆள். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, அதற்கு மேலாகப் பார்ப்பார். அவருக்கென்று ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. போன சூப்பிரண்டின் பழைய ஸ்டாம்ப்தான். 'சூப்பிரண்டு' என்று குத்துவார். ஊதிக் காய வைப்பார். பிறகு பேனாவை எடுத்து, அதன் பின்னால் கையாலேயே 'ஐ/சி' என்று எழுதுவார். அப்புறம்தான் கையெழுத்து. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. பொட்டலங்கள் மேல் ஒட்டுகிற சீட்டிலும் அதே கதைதான். அவர் விரல் பேனா இல்லாமலே மேஜைமேல் அந்தக் குறுக்குக் கோட்டை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அறையில் இரண்டு மெஷின். ஒன்று சின்னது, புதுசு. இன்னொன்று ஆள் உயரத்துக்குப் பெரியது, கிழடு. நாங்கள் அதைக் குக்கர் என்போம். வட்டக் கதவு, நடுவில் லாரி ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம். உள்ளே ஆவி இருக்கும்வரை சக்கரம் திரும்பக்கூடாது. அதற்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு தேய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆவி எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள்ளும் சீக்கு. உள்ளே ஆவி மிச்சம் இருக்கும்போதே பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

அந்தக் குக்கரை ஓட்டியது அவருடைய மச்சினன். சம்சாரத்தின் தம்பி. இவர்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்தது. குவார்ட்டர்ஸில் இரண்டு ரூமில் இவர், சம்சாரம், பரீட்சைக்குப் படிக்கிற பெண், முன்ரூம் கட்டிலில் மச்சினன். மச்சினன் வாய் ஓயாது.

"மாமா, இந்த மெஷினும் ஐசிதான் மாமா. ஒரிஜினல் எப்பவோ செத்துப்போச்சு. இது இன்சார்ஜா நிக்கிது."

"வாயை மூடிட்டு எண்ணுடா மாப்ளே."

எண்ணுவது அவன் கண்டுபிடித்த முறை. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் கதவைத் தொடமாட்டான். இருநூறு எண்ணுவான். பிறகு ஸ்பானரால் சக்கரத்தை ஒரு தட்டு. கன்னத்தைக் கதவோரம் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பான். சீறல் இல்லை என்றால்தான் திறப்பான். பூட்டு செய்யவேண்டிய வேலையை அவன் கன்னம் செய்துகொண்டிருந்தது.

மாமன் சும்மா இல்லை. மெஷினை நிறுத்தவேண்டும் என்று இரண்டு வருஷத்தில் பதினோரு கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஆஸ்பத்திரி விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி: மெஷினை ஓட்டுவதற்கு ஐ/சி கையெழுத்து போதும். நிறுத்துவதற்கு முழு சூப்பிரண்டு போடவேண்டும். முழு சூப்பிரண்டு எங்கே? கோர்ட்டில். ஆகவே 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. உரிய அதிகாரி நியமிக்கப்பட்டதும் பரிசீலிக்கப்படும்.'

"ஏங்க, ஓட்டச் சொல்றதுக்கு நீங்க போதும், நிறுத்தச் சொல்றதுக்கு நீங்க பத்தாதா?" என்று அவர் சம்சாரம் கேட்டதாம்.

"அதான் ஐசி" என்றாராம் இவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் அழுக்குத் துணியை இறக்கிவிட்டு, கதவோரம் வண்டிச் சக்கரத்தில் சுற்றிய நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் இருநூறு எண்ணி முடித்து, கன்னத்தைக் கொண்டுபோனான். கதவோரத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு ஆவி. காதுக்குக் கீழே பட்டது. துள்ளி விழுந்தான். எழுந்து காதைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னைக்கு முத்தம் குடுத்துருச்சு மாமா" என்று சிரித்தான். காதுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

மாமன் சிரிக்கவில்லை. மருந்து எடுத்துப் போட்டார். கையைக் கழுவினார். மேஜையில் உட்கார்ந்து ஒரு தாள் எடுத்து எழுதினார். 'பெரிய மெஷின் பயன்படுத்தத் தகுதியற்றது. இன்று முதல் நிறுத்தப்படுகிறது.' ஸ்டாம்பைக் குத்தினார். ஊதினார். பேனா எடுத்தார். சூப்பிரண்டு என்ற எழுத்துக்குப் பின்னால் பேனா போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் நின்றது. பிறகு அந்த இடத்தைத் தாண்டிக் கீழே வந்து, நேராகக் கையெழுத்தைப் போட்டார்.

அவ்வளவுதான் குற்றம். எழுதியது எதுவும் குற்றம் இல்லை. எழுதாமல் விட்டது.

தாள் மேலே போயிற்று. முழு ஸ்டாம்ப், முழுக் கையெழுத்து. மேலே இருக்கிற கிளார்க்குகள் வாலைப் பார்த்துப் பழகியவர்களே தவிர, வால் இல்லாததைக் கவனிக்கப் பழகியவர்கள் இல்லை. மின்சாரப் பிரிவிலிருந்து ஆள் வந்து குக்கரின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் சொன்ன ஒரு காரியம் ஒரு மணி நேரத்தில் நடந்தது. மச்சினன் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, "நல்லாத் தூங்குடா கிழவா" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தான்.

தூக்கம் இரண்டு நாள்தான். சின்ன மெஷின் பாதி ஆபரேஷனுக்குக்கூட ஈடுகொடுக்கவில்லை. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் கீழே வந்து கத்திவிட்டுப் போனது. யாரோ அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை, மூன்றாவது மாடியில் நிர்வாக அதிகாரி அறைக்கு அழைப்பு. துவைத்த திரைச்சீலை மாட்டுவதற்காக நானும் அந்த அறையில் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தேன். துணிக்காரன் இருக்கிறான் என்று யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அது எங்கள் தொழிலில் ஒரு வசதி.

நிர்வாக அதிகாரி சத்தம் போடுகிற ஆள் இல்லை. வாயில் எப்போதும் இருமல் மிட்டாய். அதை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு மெதுவாகப் பேசுவார்.

"உக்காருங்க. இது என்ன?"

"மெஷின் நிறுத்தறதுக்கு எழுதினது சார்."

"அது தெரியுது. சூப்பிரண்டுன்னு இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்லையே. நீங்க எப்ப சூப்பிரண்டு ஆனீங்க?"

அதிகாரி தாளை மேஜைமேல் இவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க, ரெண்டு வழி இருக்கு. மறந்துட்டீங்க. தினம் எழுபது தடவை எழுதறீங்க, ஒரு தடவை விட்டுப்போச்சு. மனுஷன்தானே. இங்கயே இப்பவே அதைச் சேர்த்துருங்க, மறதின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. விஷயம் முடிஞ்சுது. ஐசி தாள்ல மெஷினை நிறுத்த முடியாது, அதனால மெஷின் மத்தியானமே ஓடும்."

"இன்னொண்ணு சார்?"

"வேணும்னே விட்டீங்கன்னா அது மோசடி. இல்லாத பதவியில கையெழுத்து. விசாரணை வைக்கணும். முடியற வரைக்கும் மெஷினுக்கு சீல். நீங்க சஸ்பெண்ட். குவார்ட்டர்ஸை ஒரு வாரத்துல காலி பண்ணணும். போலீஸுக்கும் எழுதணும், எனக்கு வேற வழி இல்ல." மிட்டாய் கன்னம் மாறியது. "விசாரணை ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

திரையின் வளையத்தைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எனக்கே புரிந்தது. 'வேணும்னுதான் விட்டேன்' என்று அவர் சொன்னால் குக்கர் ஒரு வருஷம் தூங்கும். மச்சினன் கன்னம் பிழைக்கும். இவர் வேலையும் வீடும் மானமும் போகும். 'மறந்துட்டேன்' என்று சொன்னால் எல்லாம் பழையபடி. மெஷினும் பழையபடி.

"யோசிக்கணும்னா யோசிங்க. ஆனா இங்கயே யோசிங்க" என்றார் அதிகாரி.

ஏர்கண்டிஷனிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. இவர் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, சொல்லிடு, சொல்லிடு என்று மனசுக்குள் சொன்னேன். எதைச் சொல்லச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'ஐ/சி' என்று எழுதினார். அந்த இரண்டெழுத்தை எழுத அவருக்கு ஒரு நிமிஷம் ஆனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு இன்னொரு தாளில் 'மறதியால் விடுபட்டது' என்று ஒரு வரி.

"நல்லது. உங்களுக்கும் நல்லது" என்று அதிகாரி எழுந்து கை கொடுத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபியூஸ் திரும்ப வந்தது. மெஷினைத் திரும்ப ஓட்டலாம் என்ற சீட்டில் கையெழுத்து யாருடையது? இவருடையதுதான். ஓட்டுவதற்கு ஐ/சி போதுமே.

மச்சினனிடம் என்ன சொன்னார் என்பதையும் நான் கேட்டேன்.

"மாப்ளே, இனிமே இருநூறு பத்தாது. நானூறு எண்ணணும்."

"ஐந்நூறு எண்ணுறேன் மாமா. எனக்கு வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை? எண்ணி எண்ணிக் கணக்கு வாத்தியார் ஐசி ஆயிருவேன்."

"விளையாடாதடா."

"நீங்க மட்டும் மொகத்தை இப்படி வெச்சுக்காதீங்க மாமா. மேல திட்டுனாங்களா? திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

அவனிடம் நடந்ததை இவர் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் அவன் நானூறு எண்ணினான். பதின்மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மேலே ஏதோ அவசர ஆபரேஷன். தியேட்டர் சிஸ்டர் முதல் தடவை போன் பண்ணியது. "எண்ணிட்டிருக்கான்" என்றார் இவர். இரண்டாவது தடவை பண்ணியது. "என்ன எண்ணிட்டிருக்கான்? இங்க வயித்தைத் திறந்து வெச்சிருக்கோம்!" என்று அது கத்தியது போனுக்கு வெளியே, கதவோரம் நின்ற எனக்கே கேட்டது. மூன்றாவது தடவை மணி அடித்தபோது மச்சினன் திரும்பிப் பார்த்து, "மாமா, முந்நூறு தாண்டிருச்சு, போதும் மாமா" என்றான். இவர் போனை எடுக்கப் பாதித் தூரம் கை நீட்டியிருந்தார். போனை எடுப்பதா, அவனை நிறுத்துவதா என்று ஒரு நொடி. போனை எடுத்தார்.

மச்சினன் சக்கரத்தைத் திருப்பினான். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பெட்ஷீட்டைக் கிழிக்கிற மாதிரிதான் இருந்தது. அறை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "மாமா" என்று ஒரே தடவை.

ஆஸ்பத்திரியிலேயே வெந்தவனுக்கு ஆஸ்பத்திரி வெகு பக்கம். அது ஒன்றுதான் அதிர்ஷ்டம் என்றார்கள். முகம், நெஞ்சு, இரண்டு கை. இடது கண் போயிற்று. நாலு மாதம் படுத்திருந்தான். அவனுக்குச் சுற்றிய துணியை நான்தான் கொண்டுபோனேன், நான்தான் அள்ளி வந்தேன். விரல்கள் உள்பக்கம் மடங்கி ஒட்டிக்கொண்டன. சட்டைப் பட்டன் போட முடியாது, கரண்டி பிடிக்க முடியாது.

இந்தத் தடவை விசாரணை ஒன்பதே நாளில் முடிந்தது. பூட்டு தேய்ந்திருந்ததா? தேய்ந்திருந்தது. தெரியுமா? தெரியும், பதினோரு கடிதம் அவரே எழுதியிருக்கிறார், அதுவே சாட்சி. தெரிந்தும் ஓட்ட அனுமதித்தது யார்? சீட்டில் கையெழுத்து இருக்கிறது. ஆகவே பொறுப்பில் இருந்தவரே பொறுப்பு. வேலை நீக்க உத்தரவை டைப் அடித்தவர் அவசரத்திலோ, பழைய ஃபைலைப் பார்த்தோ, பெயருக்குக் கீழே 'சூப்பிரண்டு' என்று மட்டும் அடித்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் மேலிடத்திலிருந்து வந்த தாள்களில் அவரை முழுசாகச் சூப்பிரண்டு என்று சொன்னது அது ஒன்றுதான். அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

குக்கரைக் கழற்றிப் பின்வாசல் வழியாக எடுத்துப்போனார்கள். அடுத்த மாதமே கேஸ் முடிந்து முழு சூப்பிரண்டு ஒருத்தர் வந்தார். புது ஸ்டாம்ப் கொண்டுவந்தார்.

இந்தப் பேச்சு கிளம்பியது அப்போதுதான். மறதி என்று எழுதிக்கொடுத்த தாள் ஃபைலிலிருந்து கசிந்தது. மறதியாவது மண்ணாவது, பதவி ஆசை என்று ஒருத்தர் சொன்னார். சொன்னவரை யாரும் கேள்வி கேட்கவில்லை, நான் உள்பட.

இப்போது அவர்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் குடியிருக்கிறார்கள். ஒரு ரூம், ஒரு சமையல் மேடை. அவர் கீழே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார். காலையில் மச்சினனுக்குப் பல் தேய்த்துவிட்டு, பட்டன் போட்டுவிட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் இறங்குவார். சம்சாரம் இவருக்கும் சோறு போடுகிறது. பேச்சு மட்டும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்றால் தம்பியிடம் சொல்லும். "அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லுடா." தம்பி திரும்பி, "மாமா, வீட்டு ரேடியோ சொல்லுது, அரிசி தீந்துபோச்சாம்" என்பான். வாய் மட்டும் அவனுக்கு வேகவில்லை.

இதுவரை சொன்னதை ஒரு நோட்டில் எழுதி, அதை எடுத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மச்சினன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அந்த அம்மா அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊர் பேசுவதை மறுத்து, அவர் மச்சினனைக் காப்பாற்றத்தான் அதை விட்டார், பதவிக்காக இல்லை என்று முதலில் கொஞ்சம் நீட்டி முழக்கி எழுதியிருந்தேன். நல்ல மனுஷன், பெரிய மனசு என்றெல்லாம். அந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அதை அடிச்சிரு."

"ஏங்க, ஊரு தப்பாப் பேசுதே."

"ஊரு என்ன பேசுது?"

"பதவி ஆசையில ஐசி போடாம விட்டீங்க, அதனாலதான் இவன் வெந்தான்னு."

அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் மச்சினனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஐசி போடாம விட்ட ரெண்டு நாளும் இவனுக்கு ஒண்ணும் ஆகல. பயந்துபோய் நான் அதைத் திரும்ப எழுதினேன், அதுலதான் வெந்தான். மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்தது பொய். அதைப் போடு."